பெரியம்மாவின் பரக்கத்து

என் பெரியம்மாவிடம் கெட்ட செய்தி என்று எதையும் சொல்லி முடிக்க முடியாது. பாதியிலேயே அதைப் பிடுங்கி, நல்ல செய்தியாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார். தேக்கா மார்க்கெட்டில் ஒருநாள் அவருடைய கைப்பையிலிருந்து தங்க வளையலை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று பதறிக்கொண்டிருந்தோம். அவர் கறிக்கடைக்காரரிடம் நெஞ்செலும்பு கேட்டுக்கொண்டே, தன் மேல் வர இருந்த பலாவை வளையல் கொண்டுபோய்விட்டது என்றார். பலா என்றால் எங்கள் பேச்சில் ஆபத்து. அன்றைக்கு இரண்டு கிலோ கறி கூடுதலாக வாங்கி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சமைத்துக் கொடுத்தார்.

ஆறாம் வகுப்புத் தேர்வில் நான் கணக்கில் கோட்டை விட்டபோது, அதிகம் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைவது கஷ்டம், அல்லா இப்போதே வழி செய்துவிட்டான் என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை வேண்டாம், மார்க்குதான் வேண்டும் என்று அழுதேன். பெரியப்பாவுக்கு வாதம் வந்து பேச்சு போனபோதுகூட, நாவால் செய்யும் பாவத்திலிருந்து அவரை அல்லா காப்பாற்றிவிட்டான் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா கட்டிலில் படுத்தபடி அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அந்த முறைப்புக்கு என்ன நல்ல பெயர் வைத்தாரோ தெரியவில்லை.

எல்லாவற்றையும் முடித்துவைக்க அவருக்கு ஒரே சொல்தான். பரக்கத்து. இறைவன் தந்த அருள். அதைச் சொல்லும்போது உள்ளங்கையால் நெஞ்சில் மூன்று முறை தட்டிக்கொள்வார். நல்ல உயரமும் அதற்கேற்ற பருமனும் உள்ள பெண்மணி. அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

நான் அவருக்கு நேர் எதிர். தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காப்புறுதி விண்ணப்பத்தில் நோய் உண்டா இல்லையா என்ற ஒரு வரிக் கேள்விக்கு மனிதர்கள் எத்தனை விதமாக வளைத்து எழுதுவார்கள் என்று பார்த்துப் பார்த்து, எதையும் அதன் பெயரைச் சொல்லி அழைக்காதவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பெரியம்மா மேல் உயிரையே வைத்திருந்தேன். அவர் வாயைத் திறந்தால் பல்லைக் கடித்துக்கொள்வேன். இரண்டும் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தன.

குடும்பத்தில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் வீட்டில் முதல் குளியல் பெரியம்மா கையால்தான். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து இரண்டு ரயில் மாறி, கையில் வெந்தயக் கஞ்சித் தூக்குடன் வந்து இறங்குவார். குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலின் மேல் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். தாய்க்கு மட்டும் அனுமதி உண்டு.

என் மகன் பிறந்த மறுநாள், மருத்துவமனையிலேயே குழந்தை மருத்துவர் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சிறுநீர் வரும் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கமாக இருக்கிறது, மேல்தோல் முழுதாகச் சேரவில்லை, ஒரு விதை இன்னும் கீழே இறங்கவில்லை. ஹைப்போஸ்பேடியஸ் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், பயப்பட வேண்டியதில்லை என்றார். ஆனால் அதுவரை எக்காரணம் கொண்டும் சுன்னத் செய்துவிடக் கூடாது. அந்தத் தோலை வைத்துத்தான் புதிய பாதையைத் தைப்பார்கள். நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். என் கணவரிடம் அன்றே சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பெரியம்மா பிள்ளையைக் குளிப்பாட்டினார். துணியை அவிழ்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது. செம்பில் எடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது. பிறகு ஈரக் கையாலேயே நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"மாஷா அல்லா. மலக்குமாரே சுன்னத் செஞ்சு அனுப்பியிருக்காங்க."

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. மேல்தோல் குறைந்து பிறக்கும் ஆண்பிள்ளைக்கு மலக்குகள், அதாவது வானவர்களே, சுன்னத்தை முடித்து அனுப்பினார்கள் என்பார்கள். கத்தி படத் தேவையில்லாத பிள்ளை. வீட்டுக்கே பெரிய பரக்கத்து.

நான் மறுத்துப் பேசுவதற்குள் பெரியம்மா கூடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் முழுக்க வாழ்த்து. நாகூரில் இருக்கும் யாரோ ஒரு சொந்தக்காரர் குரல் பதிவில் துஆ ஓதி அனுப்பினார். எட்டாம் மாதத்தில் வேலைக்குப் போனதற்காக என்னோடு சரியாகப் பேசாமல் இருந்த மாமியார், அன்று என் கட்டிலில் வந்து உட்கார்ந்து கோழி சூப்பில் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டிவிட்டார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் அந்தப் புகழில் நான் குளிர்காய்ந்தேன். அலுவலகத்தில் உண்மையை மறைத்து எழுதுகிறவர்களை வருடக்கணக்காக ஏசிக்கொண்டிருந்தவள், மருத்துவர் தந்த தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சூப் குடித்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் மாமியார் ஒரு செய்தியோடு வந்தார். மலக்குகள் செய்தாலும் சடங்குக்கு ஒரு தடவை கத்தியைத் தொட வைக்க வேண்டுமாம். மிச்சமிருக்கும் தோலையும் அப்போதே ஒழுங்கு செய்துவிடலாமாம். தெரிந்த கிளினிக் ஒன்றில் நாள் குறித்தாயிற்று என்றார். நான் எழுந்து தாளை எடுத்து, அதில் இருந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். அந்தத் தோலை வெட்டினால் என் பிள்ளைக்குத் தைக்க ஒன்றும் இருக்காது என்றேன். மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஊட்டவில்லை.

பெரியம்மா மட்டும், டாக்டர்களுக்கு நோயைத் தவிர வேறு என்ன தெரியும் என்று முணுமுணுத்தார். அப்படியென்றால் குளிப்பாட்டும்போது உங்கள் கை ஏன் நின்றது என்று கேட்டேன். தண்ணீர் சூடாக இருந்தது என்றார். தண்ணீரை விளாவி வைத்தவளே நான்தான்.

சில வாரம் கழித்து எங்களை மரபணுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆலோசகர் என்னைவிட இளைய ஒரு சீனப் பெண். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று எங்கள் குடும்பத்தை ஒரே தாளில் வரைந்தார். தாய்வழி ஆண்களில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். கூட வந்திருந்த, என்னைப் பெற்ற உம்மா, கேள்வி முடிவதற்குள் இல்லை என்று தலையாட்டிவிட்டார். பிள்ளையின் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள்.

முடிவு வந்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆலோசகர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். ஆண் ஹார்மோனை உடம்பு ஏற்றுக்கொள்ள உதவும் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் என்னிடமிருந்து போயிருக்கிறது. பெண்கள் ஒன்றும் தெரியாமல் சுமப்பார்கள், பிள்ளைகளில் ஆண்களிடம்தான் அது வெளியே தெரியும். ஆனால் குறைக்கு இந்த மாற்றம்தான் காரணமா, இல்லை சும்மா கூட வந்ததா என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாய்வழியில் இதே குறையோடு பிறந்த வேறோர் ஆண் இருந்து, அவரிடமும் அதே எழுத்து மாறியிருந்தால் சந்தேகம் பெரிதும் தெளியும்.

அது தெளிவது எனக்கு ஏன் முக்கியம் என்பதையும் அவரே சொன்னார். அறுவைக்கு முன்னால் ஹார்மோன் ஊசி போட்டால் இந்த உடம்பு அதைக் கேட்குமா, பதின்ம வயதில் பிள்ளை எப்படி வளர்வான், அவனை எதற்கெல்லாம் கண்காணிக்க வேண்டும் என்று முடிவெடுக்க அது உதவும். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கவும்தான். வீட்டுக்கு வரும் வழியில் உம்மா பேருந்தின் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, பெரியம்மாவிடம் கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மாவுக்கு இரண்டு பெண்கள், கடைசியாக ஒரு மகன். அந்த மகனை நான் நானா என்று கூப்பிடுவேன். எங்களில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குப் பதினெட்டு வயதானபோது தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணிக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். எனக்கு அப்போது பத்து வயது, பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் இருந்தேன். போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல், பெரியம்மாவின் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகக் குடைந்தார். பிறகு ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்கு ஆஸ்துமா என்று பெரியம்மா எல்லாரிடமும் சொன்னார். ராணுவத்தில் வெயிலில் நிற்க வைக்காமல் மேசை வேலை கொடுப்பார்கள், பரக்கத்து என்றார். ஆஸ்துமா இருக்கிறவர் எப்படிப் பள்ளிக் காற்பந்துக் குழுவில் ஓடினார் என்று கேட்டதற்கு உம்மா என் தொடையில் கிள்ளினார். நானா சேவையை முடித்த கையோடு பெர்த்துக்குப் படிக்கப் போனார். அங்கேயே தங்கிவிட்டார். ஒரு கல்யாணம் நடந்தது, பிள்ளையில்லாமல் அதுவும் முறிந்தது. பெரியப்பா இறந்தபோது வந்தவர், அடக்கம் முடிந்ததும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் விமானம் ஏறிவிட்டார்.

நான் நானாவைக் கூப்பிட்டேன். பெருநாளைக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பிக்கொள்ளும் பழக்கம்தான் எங்களுக்குள் இருந்தது. என் மகனைப் பற்றிச் சொன்னேன். தனக்கும் அதே குறைதான் என்று அவர் சுருக்கமாகச் சொன்னார். பரிசோதித்த ராணுவ மருத்துவர், பிறந்தபோதே உன் பெற்றோரிடம் சொல்லியிருப்பார்களே என்று கேட்டாராம். அலமாரியில் தேடியபோது, மருத்துவமனை அனுப்பிய மூன்று அழைப்புக் கடிதங்கள் மடித்தபடி கிடைத்தனவாம். அறுவை சிகிச்சையைப் பெர்த்தில், இருபத்தைந்து வயதுக்கு மேல், யாரிடமும் சொல்லாமல் தனியாகச் செய்துகொண்டாராம்.

"ரத்தம் குடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல லா. ஆனா உம்மா மொதல்ல அவங்க வாயால சொல்லட்டும். எனக்குக் கேக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங் போனேன். பெரியம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. மருத்துவர்கள் சொன்னதைச் சொன்னேன், நானா சொன்னதைச் சொன்னேன், என் பிள்ளைக்காகக் கேட்கிறேன் என்றேன். அவர் மீனையெல்லாம் கழுவி முடித்து, மஞ்சள் தடவி மூடி வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். பிறகு வந்து உட்கார்ந்து, போன் போடு என்றார்.

நான் ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தேன். நானா சலாம் சொன்னார். பெரியம்மா பதில் சலாம் சொன்னார். இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு பேரும் அதைத் தாண்டிப் பேசியதில்லை.

"ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சு வாப்பா. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஆப்பரேஷன் செஞ்சா சரியாயிடும்னாங்க. மூணு தடவ காயிதம் போட்டாங்க. நாந்தான் கூட்டிட்டுப் போவல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவரால் நிறுத்த முடியவில்லை.

"ஆனா பாரு, ஒனக்கு அப்படி இருந்ததாலதானே இன்னிக்கு இந்தப் பச்சப் புள்ளைக்கு ஒரு வழி கெடைக்குது. அல்லாவோட வேலைய யாரு அறிவா. எல்லாம் பரக்கத்து."

நெஞ்சில் மூன்று தட்டு. அது போனிலும் கேட்டிருக்கும். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், போதும் நிறுத்துங்கள் என்று பெரியம்மாவிடம் கத்திவிட்டேன். அதுவரை அவரிடம் நான் குரலை உயர்த்தியதே இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் எடுத்து இன்னொருவனுக்கு மருந்தாக அரைத்துக் கொடுக்கிறீர்கள், அதற்கும் ஒரு நல்ல பெயரா என்று கேட்டேன். என் மகன் பயந்து அழுதான். பெரியம்மா அவனை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். அவன் தூங்கிய பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

கல்யாணமாகி அவர் வாழ்ந்தது தஞ்சோங் பகாரில், மாமியார் வீட்டில். முதலாவது பெண், இரண்டாவதும் பெண். இரண்டாவது பிறந்தபோது மாமியார் நாற்பது நாள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பாவுக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்று அவர் காதுபடவே பேசினார்கள். மூன்றாவதாக நானா பிறந்தார். குளிப்பாட்ட வந்த பெண், மலக்குகள் சுன்னத் செய்த பிள்ளை என்றாள். அக்கம்பக்கமெல்லாம் பார்க்க வந்தது. இன்னொரு பெண் பார்க்கும் பேச்சு அன்றோடு நின்றது. நீ சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் ஒருவர் அவரைக் கேட்டது அன்றைக்குத்தானாம். பிறகு மருத்துவமனையிலிருந்து முதல் கடிதம் வந்தது.

"கூட்டிட்டுப் போனா, மலக்கு குடுத்தது இல்ல, என் வயித்துல வந்த கொறைன்னு ஆயிடும். நான் பயந்துட்டேம்மா."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்து நான் கேட்டதே இல்லை. அதற்குப் பின்னால் எதையும் சேர்க்கவும் இல்லை. இதைத்தானே நானாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். வேண்டாம், சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பான், நீயும் சொல்லாதே என்றார். எனக்கு அந்த மூன்று நாள் கோழி சூப் ஞாபகம் வந்தது.

ஒரு வாரம் கழித்து நானாவிடமிருந்து செய்தி வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டேன், பிள்ளைக்காக மட்டும், என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அவரிடமும் அதே எழுத்துதான் மாறியிருந்தது. அதன்பிறகு மருத்துவர்கள் தயங்கவில்லை. என்ன செய்வது, எதைச் செய்து பயனில்லை என்று எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்கள். என் மகனுக்கு இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறான், நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கிறான், தரையெல்லாம் நனைத்து என்னிடம் திட்டு வாங்குகிறான். அவன் பெரியவனாகும்போது என்னென்ன வரும் என்ற கவலை எனக்குத் தீரவில்லை. பெரியம்மாவின் மகள்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். இன்னொருத்தி, தன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் குடும்ப மானத்தை வாங்கிவிட்டேன் என்று இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பெரியம்மா போன வருடம் இறந்தார். சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் யாரும் தனக்கு வேலை சொல்ல மாட்டார்கள், இதுவும் ஒரு பரக்கத்து என்று தாதியரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர். எங்களில் மய்யித்தை வைத்துக் காத்திருக்க மாட்டார்கள், அன்றே அடக்கிவிட்டோம். நானா வரவில்லை. மறுநாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தார். யார் யார் வந்தார்கள், மழை பெய்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டார்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

சொல்லாதே என்று பெரியம்மா கேட்டுக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஆனால் மறைத்து வைத்து இந்தக் குடும்பம் பட்டது போதும் என்று தோன்றியது. தஞ்சோங் பகார் வீட்டைப் பற்றி, நாற்பது நாளைப் பற்றி, பயந்துட்டேன் என்று அவர் சொன்னதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன். நானா அழுவார் என்று நினைத்தேன், இல்லை திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாதாரணக் குரலில் பேசினார்.

"அவங்க பயந்தது எனக்குத் தெரியும்மா. ஆறு வயசுலேயே தெரியும். என்னப் பத்திப் பேசும்போது மட்டுந்தான் அந்த வீட்டுல உம்மா சிரிப்பாங்க. எனக்கு ஒண்ணுக்குப் போனா வலிக்கும். மத்தப் பசங்க மாதிரி இல்லன்னும் தெரியும். ஒரு தடவகூட நான் அவங்ககிட்டச் சொன்னதில்ல."

"ஏன் நானா?"

"சொல்லியிருந்தா அவங்களுக்கு வேற என்ன இருந்துச்சு?"

போனை இரண்டு பேரும் வைக்காமல் இருந்தோம்.